மனோர் பார்க் வாசலில் புதிய காஷ்காய்: எந்த எஞ்சின் நமக்கு?

சர்ச் ரோடு முருகன் கோயிலில் திருவிழா நடக்கும் நாளில் காரில் வந்தவர்களுக்கு மனோர் பார்க் தெருக்கள் எவ்வளவு ஒடுக்கம் என்று சொல்லத் தேவையில்லை. விக்டோரியா காலத்திலும் அதற்குச் சற்றுப் பின்னும் கட்டிய வரிசை வீடுகள். வாசற்கதவைத் திறந்தால் சில எட்டில் நடைபாதை, அதை ஒட்டி இரு பக்கமும் கார்கள். நடுவில் ஒரு வண்டி போகத்தான் இடம் மிஞ்சும். எதிரே இன்னொன்று வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்கு எடுத்தாக வேண்டும். குதிரை வண்டிக் காலத்தில் போட்ட இந்தத் தெருக்களில்தான் இன்று உயரமும் அகலமும் கூடிய ஃபேமிலி எஸ்யூவிகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம்.

அந்த வகையில் பிரிட்டனில் எல்லோருக்கும் பழகிய பெயர் நிசான் காஷ்காய். 2007இல் விற்பனைக்கு வந்த வண்டி இது. 2022இல் இந்த நாட்டில் மற்ற எல்லாக் கார்களையும் முந்தி 42,704 விற்றது. இப்போது சாலையில் வருவது மூன்றாம் தலைமுறை. 2021இல் அறிமுகமாகி, 2024இல் முகம் திருத்தி, 2025இல் எஞ்சினும் மாற்றப்பட்டது. பழைய காஷ்காயை, அல்லது அதைப் போன்ற இன்னொரு வண்டியை மாற்ற நினைக்கும் குடும்பங்கள் நம் பகுதியில் ஏராளம். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

வெளியூர்ச் சரக்கு என்றும் இதைச் சொல்ல முடியாது. லண்டன் பாடிங்டனில், கால்வாய் ஓரமாக இருந்த நிசானின் ஐரோப்பிய வடிவமைப்புக் கூடத்தில் வரைந்தார்கள். மனோர் பார்க் நிலையத்தில் எலிசபெத் லைன் ரயிலில் ஏறினால் இடையில் மாறாமல் அங்கே போய் இறங்கலாம். 2022 நவம்பரிலிருந்து அந்த வசதி உண்டு. பொறியியல் வேலை கிரான்ஃபீல்டில். வண்டி உருவாவது வடகிழக்கே சண்டர்லாந்தில், 1986இல் திறந்த தொழிற்சாலையில். லண்டன் நெரிசலைக் கண்ணால் பார்த்தவர்கள் வரைந்த வண்டிதான் தலைமுறைக்குத் தலைமுறை பெருத்துக்கொண்டே வருகிறது என்பது எனக்கு வருத்தம். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் எஞ்சின்.

டீசல் ஏன் போயிற்று

2001இல் பிரிட்டன் அரசு கார் வரியைக் கரியமில வாயுவின் அளவோடு இணைத்தது. அந்தக் கணக்கில் டீசல் நல்ல பெயர் எடுத்தது. எண்ணெய் குறைவாகக் குடிக்கும், வரியும் குறைவு. முதல் இரண்டு தலைமுறைக் காஷ்காய்களிலும் 1.5 லிட்டர் டீசல் கிடைத்தது. நீண்ட தூரம் ஓடுகிற குடும்பங்கள் நம்பி வாங்கின. ஆனால் நைட்ரஜன் ஆக்சைடும் நுண்துகளும் அந்த வரிக் கணக்கில் வரவே இல்லை. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகனின் சோதனை மோசடி வெளிவந்த பிறகுதான் டீசல் புகையைப் பற்றி உலகம் உரக்கப் பேசத் தொடங்கியது.

லண்டனில் இந்தப் பேச்சுக்கு ஒரு சிறுமியின் பெயர் உண்டு: எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா. லூயிஷமில் சவுத் சர்க்குலர் சாலைக்கு அருகில் வாழ்ந்தாள். கடுமையான ஆஸ்துமாவால் 2013 பிப்ரவரியில் 9 வயதில் இறந்தாள். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி அவள் இறப்புக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று பதிவு செய்தார். மனோர் பார்க்கின் கிழக்கு ஓரத்தில் நார்த் சர்க்குலர், குறுக்கே ரொம்ஃபோர்ட் ரோடு. எந்த எஞ்சினை வாங்குகிறோம் என்பது நம் பணப்பை விஷயம் மட்டுமல்ல என்று சொல்ல எனக்கு இதைவிட வலுவான காரணம் தெரியவில்லை.

புகை கூடிய பழைய வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் யூலெஸ் எல்லை 2021 அக்டோபர் 25 அன்று நார்த் சர்க்குலர் வரை விரிந்தபோது மனோர் பார்க்கும் உள்ளே வந்தது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும் அதற்குள் அடக்கம். விதிக்குப் பொருந்தாத காரை எடுத்தால் நாளொன்றுக்கு 12.50 பவுண். பெட்ரோல் என்றால் யூரோ 4, டீசல் என்றால் யூரோ 6 தரம் வேண்டும். பொதுவாக 2006க்கு முந்திய பெட்ரோல் கார்களும் 2015 செப்டம்பருக்கு முந்திய டீசல் கார்களும் இதில் மாட்டும். பழைய காரை உடைக்கக் கொடுத்தால் 2,000 பவுண் தந்த மேயரின் உதவித் திட்டம் 2024 செப்டம்பரில் முடிந்துவிட்டது.

மூன்றாம் தலைமுறைக் காஷ்காய் இங்கே வந்தபோது டீசலே இல்லை. நல்ல முடிவு. இன்று செகண்ட் ஹாண்டில் யூரோ 6 டீசல் ஒன்று மலிவாகக் கிடைத்தாலும் மனோர் பார்க் ஓட்டத்துக்கு அதை வாங்காதீர்கள். பள்ளிக்கும் கடைக்கும் குறுந்தூரம் மட்டும் போகிற டீசலில் புகைபோக்கி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய வேண்டிய சூடு கிடைக்காது. அது அடைத்துக்கொண்டால் கராஜ் செலவு நூற்றுக்கணக்கில் போகும்.

மிச்சம் இருப்பது இரண்டு

ஒன்று 1.3 லிட்டர் டர்போ பெட்ரோல், 'மைல்டு ஹைப்ரிட்'. 140, 158 குதிரைத்திறன் என இரண்டு அளவு. மனுவல் கியரும் உண்டு, 158இல் ஆட்டோமேட்டிக்கும் உண்டு. ஹைப்ரிட் என்ற சொல்லைக் கேட்டு இது மின்சாரத்தில் ஓடும் என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே இருப்பது 12 வோல்ட் சிறு துணை. நிற்கும்போது எஞ்சினை அணைக்கவும், கிளம்பும்போது ஒரு கை கொடுக்கவும் உதவும். மற்றபடி இது பெட்ரோல் கார்தான். விலை குறைவு, அமைப்பு எளிது, எந்த மெக்கானிக்குக்கும் புரியும்.

மற்றது ஈ-பவர். இதில்தான் உண்மையான புதுமை. மின்வெட்டு நேரத்தில் கடையின் பின்புறம் ஓடும் ஜெனரேட்டர் போலத்தான் இதன் பெட்ரோல் எஞ்சின். சக்கரத்தோடு அதற்குத் தொடர்பே கிடையாது. அது மின்சாரம் தயாரிக்கிறது, அந்த மின்சாரத்தில் மோட்டார் ஓடுகிறது, மோட்டார்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது. நடுவில் ஒரு சிறிய பேட்டரி. பிரேக் பிடிக்கும்போது திரும்பி வரும் மின்சாரமும் அதில் சேரும். கியர் கிடையாது. காலை அழுத்தினால் மின்சாரக் கார் போலவே சத்தமில்லாமல் கிளம்பும். ஆனால் வயரைச் சொருக இடமில்லை. முழு ஆற்றலும் பெட்ரோல் பங்கிலிருந்துதான் வருகிறது.

2022இல் வந்த முதல் ஈ-பவர் காஷ்காய் 190 குதிரைத்திறன் கொண்டது. நகருக்குள் இனிமையாக ஓடும், எம்11இல் ஏறி வேகம் பிடித்தால் எஞ்சின் இரையும், எண்ணெயும் எதிர்பார்த்த அளவு மிச்சமாகாது என்பதே அதன் குறை. அதற்குக் காரணம் எளிது. ஒரே சீரான வேகத்தில் போகும்போது, பெட்ரோலை மின்சாரமாக்கி, மின்சாரத்தைத் திரும்பச் சுழற்சியாக்குவதில் கொஞ்சம் கொஞ்சமாக வீணாகிறது. நேரடியாகச் சக்கரத்தைச் சுற்றும் எஞ்சினுக்கு அந்த வீண் இல்லை. லெஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் கல்யாணம், சாமத்திய வீடு என்று மாதந்தோறும் ஓடுகிற குடும்பத்துக்கு இது சிறிய குறையல்ல.

2025இல் வந்த திருத்தம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. மோட்டார், ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், இரண்டு பல்சக்கரத் தொகுதிகள் என்று ஐந்தையும் ஒரே கூட்டுக்குள் வைத்தார்கள். மின்சாரம் தயாரிப்பதற்கென்றே 1.5 லிட்டர் எஞ்சினைப் புதிதாகச் செதுக்கினார்கள். எரிபொருளின் வெப்பத்தில் 42 சதவீதத்தை அது வேலையாக மாற்றுவதாக நிசான் சொல்கிறது. திறன் 205 குதிரைத்திறன் வரை கூடியது. அதிகாரபூர்வச் சோதனையில் கரியமில வாயு கிலோமீட்டருக்கு 116 கிராமிலிருந்து 102 கிராம் வரை இறங்கியது. 100 கி.மீ.க்கு 4.5 லிட்டர் என்பது கணக்கு, டாங்க் 55 லிட்டர். சோதனைக்கூட எண் தெருவில் அப்படியே கிடைக்காது. ஆனால் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஹை ஸ்ட்ரீட் நார்த்தும், பஸ்ஸுக்குப் பின்னால் ஊரும் ரொம்ஃபோர்ட் ரோடும் இந்த அமைப்புக்கு ஏற்ற இடங்கள். எஞ்சின் தனக்கு வசதியான வேகத்தில் ஓடும் அல்லது அணைந்திருக்கும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் கொஞ்சம் மின்சாரம் திரும்பி வரும்.

முழு மின்சாரம் ஏன் இல்லை?

வீட்டுக்கு முன்னால் சொந்தமாக வண்டி நிறுத்தும் இடம் உள்ளவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு மின்சாரக் கார் பார்க்கப் போகலாம். இரவு மலிவு விலை மின்சாரத்தில் வீட்டிலேயே சார்ஜ் செய்ய முடிந்தால் அதற்கு இணையாகப் பெட்ரோல் எதுவும் நிற்காது.

மனோர் பார்க் வரிசை வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி இல்லை. நடைபாதைக்குக் குறுக்கே வயரை இழுக்க நகரசபை அனுமதி வேண்டும். தெருச் சார்ஜரை நம்பினால் விலை வேறு: வீட்டு மின்சாரத்துக்கு 5 சதவீத வாட் வரி, தெருவில் அதே மின்சாரத்துக்கு 20 சதவீதம். டிரைவ்வே உள்ளவருக்கு மலிவு, இல்லாதவருக்கு நான்கு மடங்கு வரி. இது அநியாயம். கார் வைத்திருக்கும் உழைப்பாளிக் குடும்பங்கள் நிறைந்த கிழக்கு லண்டனைத்தான் இது நேராக அடிக்கிறது. 2028 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களுக்கு மைலுக்கு 3 பென்ஸ் வரி என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தபோது, தெருவில் சார்ஜ் செய்பவர்களின் தயக்கம் இன்னும் கூடியது.

ஆகவே டிரைவ்வே இல்லாத வீட்டுக்கு இன்றைய நிலையில் ஈ-பவர் போன்ற வண்டி நியாயமான இடைவழி. அரசும் அப்படித்தான் பார்க்கிறது. 2030க்குப் பின் வெறும் பெட்ரோல், டீசல் கார்களைப் புதிதாக விற்க முடியாது. ஹைப்ரிட்களுக்கு 2035 வரை இடம் உண்டு என்று 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டார்கள்.

ஒரு தவறான நம்பிக்கையை மட்டும் திருத்த வேண்டும். ஹைப்ரிட் வாங்கினால் மத்திய லண்டன் கஞ்செஷன் சார்ஜ் இல்லை என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அந்தச் சலுகை 2021 அக்டோபரிலேயே போய்விட்டது. மின்சாரக் காருக்கே முழு விலக்கு 2025 டிசம்பரோடு முடிந்தது. 2026 ஜனவரி 2 முதல் கட்டணம் 18 பவுண். லூயிஷம் சிவன் கோயிலுக்கு பிளாக்வால் சுரங்கம் வழியாகப் போனாலும் பணம்தான்: 2025 ஏப்ரல் 7இல் சில்வர்டவுன் சுரங்கம் திறந்ததிலிருந்து, நெரிசல் நேரத்தில் காருக்கு 4 பவுண், மற்ற நேரத்தில் ஆட்டோ பே வைத்திருந்தால் 1.50, இரவு 10 முதல் காலை 6 வரை இலவசம். எந்த எஞ்சினும் அதிலிருந்து தப்பாது. வருமானம் குறைந்த நியூஹாம் குடும்பங்களுக்குப் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. தகுதி உள்ளவர்கள் விண்ணப்பியுங்கள்.

புதிய முகம், பெரிய சக்கரம்

2024 திருத்தத்தில் கண்ணில் படுவது முன் கிரில். பழைய ஜப்பானியப் போர்வீரர்களின் கவசத்திலிருந்து எடுத்த யோசனை என்கிறார்கள். பளபளக்கும் சிறு சிறு துண்டுகள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கின்றன. முன்விளக்குகள் மெலிந்தன. எதிரே வருபவரின் கண் கூசாமல் ஒளிக்கற்றையின் ஒரு பகுதியை மட்டும் தானே மறைக்கும் எல்இடி விளக்கு மேல்தர மாடல்களில் வருகிறது. பின்விளக்கு தெளிந்த கண்ணாடிக்குள் போனது. உள்ளே கூகுள் மேப்ஸும் கூகுள் அசிஸ்டன்டும் திரையோடு சேர்ந்தே வருகின்றன.

அழகாக இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2021 முகத்தைவிட இது துணிச்சலானது. ஆனால் நம் தெருவுக்குப் பயன்படுவது கிரில் அல்ல. சுற்றுமுற்றும் காட்டும் கேமராதான். முன்சக்கரம் கர்ப் கல்லிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பானட்டை ஊடுருவிப் பார்ப்பதுபோல் திரையில் காட்டுகிறது. ஒடுங்கிய தெருவில் இரண்டு கார்களுக்கு நடுவே செருகி நிறுத்துபவருக்கு இந்த ஒன்றுக்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம்.

கொடுக்கக் கூடாத இடம் சக்கரம். உச்ச மாடலில் 20 அங்குலச் சக்கரம் வரை போகிறது. படத்தில் கம்பீரம். மனோர் பார்க் வேகத்தடைகளிலும் குழிகளிலும் மெல்லிய டயர் அடிவாங்கும், முதுகும் அடிவாங்கும், மாற்றும்போது டயர் விலையும் அதிகம். அதோடு இன்னொன்று இருக்கிறது, விற்பனையாளர் தானாகச் சொல்ல மாட்டார். சக்கரம் பெரிதானால் அதிகாரபூர்வக் கரியமில வாயு எண்ணும் ஏறும். அந்த எண்தான் முதல் ஆண்டு வரியைத் தீர்மானிக்கிறது. 2025-26 கணக்கில் 101 முதல் 110 கிராம் வரை 390 பவுண், 111 முதல் 130 வரை 440, 131 முதல் 150 வரை 540. 150ஐத் தாண்டி ஒரு கிராம் போனால் 1,360. மைல்டு ஹைப்ரிட்டை ஆட்டோமேட்டிக், பெரிய சக்கரம் என்று சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் இந்தக் கோட்டைக் கவனிக்க வேண்டும். பட்டியல் விலை 40,000 பவுணைத் தாண்டினால் இரண்டாம் ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் அதிக வரி உண்டு; 2025-26 கணக்கில் அது 425 பவுண். பிசிபி தவணையில் எடுக்கும்போது மாதக் கணக்கு மட்டுமே கண்ணில் படும், இவை படுவதில்லை.

அகலத்துக்கு வருகிறேன். முதல் காஷ்காய் 1.78 மீட்டர், இரண்டாவது 1.81, இப்போதையது 1.84. பக்கக் கண்ணாடிகளை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். இந்த ஒரு வண்டியின் குறை என்றும் சொல்ல முடியாது. டிரான்ஸ்போர்ட் அண்ட் என்விரான்மென்ட் என்ற ஐரோப்பிய அமைப்பு 2024 ஜனவரியில் வெளியிட்ட கணக்குப்படி, ஐரோப்பாவில் விற்கும் புதிய கார்கள் சராசரியாக இரண்டு ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அகன்று வருகின்றன. 2023இன் முதல் பாதியில் சராசரி 180.3 செ.மீ.யைத் தொட்டது. பல நகரங்களில் தெருவோர நிறுத்தத்தின் குறைந்தபட்ச அகலம் 180 செ.மீ. தெரு அகலவில்லை, கார் அகல்கிறது. பிள்ளையை நடைபாதைப் பக்கம் இறக்க முடியாத நாளில் சாலைப் பக்கம் கதவைத் திறக்கிறோம். பின்கதவு ஏறத்தாழ செங்கோணம் வரை விரியும் என்பது இந்த வண்டியின் பெருமைகளில் ஒன்று. குழந்தை இருக்கையைத் தூக்கி வைக்க அது உண்மையிலேயே வசதி. அதே கதவு ரொம்ஃபோர்ட் ரோட்டில் விரிந்தால் சைக்கிளில் வருபவருக்கு ஆபத்து. வடிவமைப்பாளர்கள் அடுத்த தலைமுறையில் அகலத்தைக் குறைத்தால் அதுவே நான் மெச்சும் புதுமை.

ஐந்து பேருக்கு மேல் போனால்

அம்மம்மாவும் கூட வருகிற வீட்டுக்கு ஐந்து இருக்கை போதுமா என்ற கேள்வியும் இருக்கிறது. 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். பின்னால் இரண்டு குழந்தை இருக்கை வைத்தால் நடுவில் ஒரு பெரியவர் நிம்மதியாக உட்கார முடியாது. முதல் தலைமுறையில் காஷ்காய்+2 என்று ஏழு இருக்கை வண்டி இருந்தது; இப்போது அந்த இடத்தில் எக்ஸ்-டிரெயில். அது இன்னும் பெரிது. ஏழு இருக்கை மாதத்துக்கு ஒருநாள் மட்டும் தேவை என்றால் அதற்காக ஆண்டு முழுவதும் பெரிய வண்டியைத் தெருவில் நிறுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எஞ்சின் கேள்வி ஊரில் வேறு மாதிரி வருகிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவும் 2024 ஜனவரியில் புது முகத்தோடு வந்தது. சாதாரண பெட்ரோல், டர்போ பெட்ரோல், டீசல் என மூன்று எஞ்சின், மூன்றும் 1.5 லிட்டர், 2025 ஜனவரியில் மின்சாரக் கிரெட்டாவும் சேர்ந்தது. காஷ்காயைவிட நீளத்தில் ஏறத்தாழ 10 செ.மீ. குறைவு, அகலத்தில் 4 செ.மீ.க்கு மேல் ஒடுக்கம். சென்னையிலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் ஓடுபவருக்கு டீசல் இன்னும் பொருந்தலாம். அங்கே உள்ள தம்பி டீசல் வாங்கினார் என்று இங்கே நாமும் டீசல் தேடுவது பொருந்தாது.

என் தீர்ப்பு இது. டிரைவ்வே உண்டென்றால் மின்சாரக் கார். இல்லையென்றால், தினமும் நகருக்குள் ஓடுபவர் 2025க்குப் பிந்திய ஈ-பவரை, சிறிய சக்கரமும் சுற்றுக் கேமராவும் உள்ள நடுத்தர மாடலில் எடுக்கலாம். வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் கார் எடுப்பவருக்கு ஈ-பவரின் கூடுதல் விலையைப் பெட்ரோலில் திரும்பப் பெற நெடுங்காலம் ஆகும். அவருக்கு 140 குதிரைத்திறன் மைல்டு ஹைப்ரிட் போதும். 2022 முதல் 2025 வரை வந்த ஈ-பவரை செகண்ட் ஹாண்டில் பார்க்கிறீர்கள் என்றால் நெடுஞ்சாலையில் அரைமணி நேரமாவது ஓட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

டெஸ்ட் டிரைவை ஷோரூமைச் சுற்றி முடித்துவிடாதீர்கள். பிள்ளைகளின் இருக்கைகளையும் வீட்டுப் பெரியவரையும் ஏற்றிக்கொண்டு, வண்டியை உங்கள் தெருவுக்கே கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள். அப்படியே, உங்கள் தெருவில் விளக்குக்கம்பச் சார்ஜர் வேண்டும் என்று நியூஹாம் நகரசபைக்கு ஒரு மனு எழுதுங்கள். பக்கத்து வீட்டாரையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். இன்று வாங்கும் கார் 2035ஐத் தாண்டியும் ஓடும். அதற்கு அடுத்த காரை வாங்கும்போது மனோர் பார்க் வாசலில் சார்ஜர் இருக்க வேண்டுமானால் அதை இப்போதே கேட்க வேண்டும்.